வழியில் எங்கும் நிற்காமல்

கூரியர் ஆபீஸில் அவளுக்குப் பதவி சூப்பர்வைசர். வீட்டிலும் அதே பதவிதான், சம்பளம் மட்டும் கிடையாது. புருஷன் விளையாட்டாக "சூப்பர்வைசர் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தான். அதை மகள் பிடித்துக்கொண்டாள், மகளிடமிருந்து அக்கம்பக்கம் பிடித்துக்கொண்டது, கடைசியில் சர்ச் பாட்டுக் குழுவரைக்கும் போய்விட்டது. அவளுக்கும் அதில் உள்ளூரச் சந்தோஷம்தான். வெளியில் மட்டும் முறைப்பாள்.

ஆபீஸில் காலையில் பார்சல்களைத் தெருவாரியாகப் பிரித்து டெலிவரிக்காரர்களிடம் கொடுப்பாள். சாயங்காலம், போய்ச் சேராமல் திரும்பி வந்த பார்சலுக்குக் காரணம் கேட்பாள். இந்த இரண்டாவது வேலையில்தான் அவள் பேர்போனவள். "வீடு பூட்டியிருந்துச்சு மேடம்", "பெல் அடிச்சேன், யாரும் வரல மேடம்" என்று எவனாவது சொன்னால் ஒரு பார்வை பார்ப்பாள். "அந்த வீட்டு பெல் எப்படிச் சத்தம் போடும்? அடிச்சுக் காட்டு" என்பாள். அதோடு சரி. மீசை வைத்த ஆம்பிளைகளெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டு, அந்தத் தெருப் பக்கமே போகவில்லை என்று ஒப்புக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இன்னொரு பொறுப்பு உண்டு. பூசை முடிந்ததும், கோயிலுக்கு வர முடியாமல் வீட்டோடு கிடக்கிறவருக்கு நற்கருணை கொண்டுபோக வேண்டும். அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் அடங்கிய பங்கில் இந்தப் பணிக்கு அனுமதி கிடைத்த முதல் பெண் அவள். ஃபாதர் பீடத்திலிருந்து ஓர் அப்பத்தை எடுத்து, மூடி போட்ட சின்னச் சிமிழில் வைத்து, சிமிழைத் தோல் பையில் போட்டு அவள் கழுத்தில் மாட்டிவிடுவார். அது வெறும் அப்பம் அல்ல, ஆண்டவர். வழியில் எங்கும் நிற்கக் கூடாது, யாரோடும் வீண்பேச்சு கூடாது, நேராக நோயாளியின் வீடு. இந்த விதியை ஃபாதர் பயிற்சி வகுப்பில் பலமுறை சொல்லியிருந்தார். கேட்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் ஒரு பேங்க் மேனேஜர், "நாளைக்குக் கொடுத்துக்கலாம்" என்று சிமிழை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். அடுத்த ஞாயிறு அவர் பணி பறிபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அன்று சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து, "ஆண்டவரைவிட இவருக்கு அப்படி என்ன பெரிய வேலை?" என்று சாப்பாட்டு மேசையில் ஒரு பிரசங்கமே வைத்தாள்.

அவளுடைய நோயாளி, ஆபரேட்டர் அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். இடுப்பெலும்பு முறிந்து மாடி வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. "ஹலோ" என்று அவர் சொன்னால், இன்னொரு முறை சொல்லமாட்டாரா என்றிருக்கும். நன்மை, அதாவது அந்த அப்பத்தை, வாங்கும் நாளில் முந்தின ராத்திரிக்குப் பிறகு அவர் எதுவும் சாப்பிடமாட்டார். நோயாளிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்று சூப்பர்வைசர் எத்தனையோ தடவை எடுத்துச் சொல்லியாயிற்று.

"விருந்தாளி வர்ற நேரத்துல நான் மட்டும் முன்னாடியே சாப்பிட்டுட்டு ஏப்பம் விட்டுட்டு உக்காந்திருக்கவா?" என்பார் அக்கா.

இந்த ஞாயிறும் எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. சிமிழ் கழுத்தில் ஏறியது. சூப்பர்வைசர் கண்ணைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரையும் பார்க்காமல், ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். அப்போது போன் கிர்ரென்று அதிர்ந்தது. புருஷன். அவன் லிஃப்ட் மெக்கானிக்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு. உள்ள ஆளுங்க இருக்காங்க. நான் கிளம்பிட்டேன். தவளை வாசல்ல தயாரா நிக்குறா, நீதான் கூட்டிட்டுப் போகணும்."

தவளை என்பது மகள். நான்காம் வகுப்பு. தண்ணீரில் காலை விரித்து உதைத்துப் போகிற அந்த நீச்சலில் கெட்டிக்காரி, அதனால் அந்தப் பெயர். அன்று அவளுக்குப் போட்டி.

"நான் ஆண்டவரை வெச்சிட்டிருக்கேங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? லிஃப்ட்டுல மாட்டினவங்களை ஆண்டவரா வந்து இறக்கிவிடப் போறாரு? முதல்ல தவளையை விட்டுட்டு அப்புறம் அக்கா வீட்டுக்குப் போ. ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டாரு, கோச்சுதான் கோவிச்சுக்குவாரு."

அவள் சிரித்துவிட்டாள். அங்கேதான் சறுக்கியது. கோபப்பட்டிருந்தால் நேராக அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள். சிரித்ததனால், தவளையை இறக்கிவிட எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று தோன்றிவிட்டது.

நீச்சல் குளத்தில் எதுதான் சொன்ன நேரத்தில் நடந்திருக்கிறது? முதலில் மைக் வேலை செய்யவில்லை. மைக் வந்ததும் சிறப்பு விருந்தினர் வரவில்லை. அவரும் வந்து, தண்ணீரின் அருமையைப் பற்றி அவர் பேசி முடிக்கிற வரையில், ஈரத் தொப்பி போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று நடுங்கிக்கொண்டிருந்தார்கள். தவளையை விட்டுவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அடுத்தது அவள் முறை, அதற்கடுத்தது அவள் முறை என்று தள்ளிக்கொண்டே போனது. பிள்ளை வேறு, தண்ணீரைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றது. சூப்பர்வைசர் ஒரு கையால் நெஞ்சிலிருந்த தோல் பையைத் தொட்டு, "கொஞ்சம் பொறுத்துக்கோ ஆண்டவரே, இதோ ஆயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டாள். கூரியர் ஆபீஸில் வாடிக்கையாளருக்குப் போனில் சொல்கிற அதே குரல்.

தவளை பாய்ந்தாள். பிரமாதமான நீச்சல். எல்லோருக்கும் முன்னால் சுவரைத் தொட்டாள். ஆனால் நடுவர் கையைத் தூக்கிவிட்டார். அந்த நீச்சலில் சுவரை இரண்டு கையாலும் ஒன்றாகத் தொட வேண்டுமாம். அவசரத்தில் தவளை ஒரு கையால் தொட்டுவிட்டாள். போட்டியிலிருந்து நீக்கம்.

சூப்பர்வைசருக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்தாள். இரண்டு படி இறங்கியவள், சட்டென்று நின்றாள். கழுத்தில் ஆண்டவரை வைத்துக்கொண்டு நடுவரோடு சண்டை போடுவது நன்றாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. சண்டையை விட்டிருக்கலாம். அவள் அதை விடவில்லை. தோல் பையைக் கழற்றி, கைப்பைக்குள் ஈரத்துண்டுக்கும் பிஸ்கட் பொட்டலத்துக்கும் நடுவே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு கழுத்து லேசாகி, நிம்மதியாகச் சண்டைக்குப் போனாள்.

என்னென்ன பேசினாள் என்பதை முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை. நடுவருக்குக் கண் தெரியாது என்றாள், காது கேட்காது என்றாள். முதல் பரிசு கிடைத்த பிள்ளையின் அம்மா ஒரு வக்கீல். அவள் பக்கத்தில் வந்து, "ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானே?" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"உங்க பொண்ணு இருக்கிற சைஸுக்கு அவ மிதக்கிறதே பெரிசு. இதுல பரிசு வேறயா?" என்றாள் சூப்பர்வைசர்.

வக்கீலம்மாவின் மகள் அங்கேயே, அம்மாவின் முதுகுக்குப் பின்னால், மெடலைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். கொஞ்சம் குண்டான பிள்ளை. அவள் துண்டை எடுத்து வயிற்றைச் சுற்றிக்கொண்டதை சூப்பர்வைசர் பார்த்தாள். பார்த்தும், விறைப்பாகத் திரும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு அழுகிற மகளைச் சமாதானப்படுத்த ஐஸ்கிரீம். வீட்டுக்கு வந்து சமையல். ஊறவைத்திருந்த யூனிஃபார்ம்கள். கடையில் விட்டிருந்த மிக்ஸி. லிஃப்ட்காரன் கை நிறைய கிரீஸோடு வந்து, மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் உள்ளேயே தூங்கிவிட்ட கதையைச் சொல்ல, மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்துச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு அவள் ஒரு தூக்கமும் போட்டாள். வாரம் முழுக்கக் கிடைக்காத நல்ல தூக்கம். கைப்பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் டீ போட்டுக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து தவளையின் குரல் கேட்டது.

"அம்மா."

"என்னடி?"

"என் நீச்சல் கண்ணாடியைத் தேடினேன். ஆபரேட்டர் ஆன்ட்டிக்கு நீ கொடுக்கவே இல்லையா?"

சூப்பர்வைசர் கூடத்துக்கு வந்தாள். கைப்பை தரையில் திறந்து கிடந்தது. ஈரத்துண்டுக்கு மேல் தோல் பை. பிஸ்கட் தூள் அதில் அங்கங்கே ஒட்டியிருந்தது. தவளை கொஞ்ச நாளைக்கு முன்புதான் முதல்முறையாக நன்மை, அதாவது புதுநன்மை, வாங்கியவள். வகுப்பில் சொல்லிக்கொடுத்தது மனதில் பசுமையாக இருந்தது போலும், அதைத் தொடாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்றிருந்தாள்.

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. யாரும் அதை நிறுத்தப் போகவில்லை. லிஃப்ட்காரன் மட்டும் மெல்ல நாற்காலியிலிருந்து எழுந்தான். காலையில் தான் சொன்ன ஜோக் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் சுண்டிப்போயிற்று.

"நான் வரட்டுமா கூட?"

"வேணாம்."

"ஃபாதர்கிட்ட..."

"ஃபாதர் பேச்சை எடுக்காதீங்க" என்றாள். அவள் மண்டியிட்டு, முந்தானையின் ஓரத்தால் அந்தத் தோல் பையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வெட்கம்தான் கூடியது. எதிரில் நின்றிருந்த பிள்ளையின் கால்விரல்களைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பிள்ளை ஏற்கெனவே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெம்பில்லை.

ஸ்கூட்டரில் போகும்போது ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டாளா என்றால், இல்லை. உண்மையைச் சொல்வதானால், வழி முழுக்க அவள் யோசித்தது ஃபாதரைப் பற்றி. கடைசி பெஞ்சைப் பற்றி. பேங்க் மேனேஜருக்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்த பிரசங்கத்தைப் பற்றி. அக்கா ஏதாவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. அக்காவிடம் என்ன சொல்வது? அவள் மனம் பழகிய தடத்திலேயே ஓடியது. ஒரு முடிவும் எடுத்துவிட்டது. சிவப்பு விளக்கில் நின்றபோது அந்த வாக்கியத்தை உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டாள்.

ஆபரேட்டர் அக்கா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலையில் வேலைக்கார அம்மா குளிப்பாட்டி, தலைவாரி, வெளுத்த உடை உடுத்திவிட்டுப் போன அதே கோலம். பக்கத்தில் சின்ன மேசை. மேலே வெள்ளைத் துணி, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம், ஒரு மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தி முக்கால்வாசி எரிந்து அணைக்கப்பட்டிருந்தது. சமையலறைப் பக்கம் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த கிண்ணம், பக்கத்தில் ஆடை படிந்துபோன பால்.

"வாம்மா. தவளையும் வந்திருக்கா? வா வா. போட்டி என்ன ஆச்சு?"

எந்தக் குறையும் இல்லாத அதே குரல்.

"காலையிலேயே வந்தேன் அக்கா" என்றாள் சூப்பர்வைசர். "பெல் அடிச்சேன். ரெண்டு மூணு தடவை அடிச்சேன். யாரும் திறக்கல. நீங்க தூங்குறீங்கபோலன்னு போயிட்டேன்."

தவளை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சூப்பர்வைசர் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அது பெல் அடித்துவிட்டு உள்ளே வருகிற வீடு இல்லை. எழுந்துவந்து கதவைத் திறக்க அக்காவால் முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்கார அம்மா கதவைச் சாத்தாமல்தான் போவாள், அதுவும் சூப்பர்வைசர் வருவாள் என்பதற்காகவே. இப்போதும் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே வந்தாள். அந்த வீட்டு பெல் எப்படிச் சத்தம் போடும் என்று யாராவது கேட்டால் அவளுக்கே தெரியாது. காது மடல்வரைக்கும் சூடு ஏறியது.

அக்கா கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்படியா. நான்தான் கண் அசந்திருப்பேன். வயசாச்சில்ல" என்றார். "சரி, மெழுகுவர்த்தியை ஏத்து."

இதைவிட அக்கா, "ஏம்மா பொய் சொல்றே?" என்று கேட்டிருக்கலாம். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள். அவள் தீக்குச்சியை உரசினாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதைத் தவளை வாங்கி உரசி ஏற்றிவைத்தாள். சூப்பர்வைசர் சிமிழை எடுத்து வெள்ளைத் துணிமேல் வைத்து, சிலுவை அடையாளம் போட்டு, முறைப்படி ஜெபத்தை ஆரம்பித்தாள். முதலில் பாவ மன்னிப்பு மன்றாட்டு. பாவி என்று சொல்லி நெஞ்சில் தட்டிக்கொள்கிற இடம் வந்தது. அவள் பழக்கத்தில் தட்டிக்கொண்டாள். அக்காவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"இரும்மா. என்னால முடியாது."

"என்ன அக்கா, வலிக்குதா?"

"இல்ல. நான் இன்னைக்கு நன்மை வாங்கக் கூடாது." அக்கா மடியிலிருந்த கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "மத்தியானம் ஃபாதர் போன் பண்ணினாரு. எல்லா நோயாளிகளுக்கும் பண்ணி, நற்கருணை வந்துச்சான்னு விசாரிக்கிறாராம் இப்போ. அந்த மேனேஜர் விஷயத்துக்கு அப்புறம். வந்துச்சு ஃபாதர், காலையிலேயே வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

நெஞ்சில் தட்டிய கையை சூப்பர்வைசர் இறக்கினாள்.

"ஏன் அக்கா?"

"பின்ன என்ன சொல்றது? வரலன்னா உன்னை எடுத்துடுவாரே. பிள்ளை, குட்டி, வேலைன்னு ஓடுறவ, ஏதோ ஒரு அவசரம் இல்லாம நீ வராம இருப்பியா? எப்படியும் வந்துடுவேன்னு எனக்குத் தெரியும். அதான் சாப்பிடாமக்கூட இருந்தேன். ஆனா பொய் பொய்தானே? அதுவும் ஃபாதர்கிட்ட, அதுவும் நற்கருணை விஷயத்துல. வாய்ல அந்தப் பொய்யை வெச்சுக்கிட்டு அதே வாயால எப்படி வாங்குறது? ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாம என்னால முடியாதும்மா."

அது அப்படியொன்றும் பெரிய பாவம் இல்லை என்று வேதம் படித்தவர்கள் சொல்லக்கூடும். நன்மையைத் தடுக்கிற அளவுக்கு இல்லை என்றும் சொல்லக்கூடும். சூப்பர்வைசருக்கே அது தெரியும், பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறாள். சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எந்த வாயால் சொல்வது? அக்கா தன்னுடைய பொய்யைச் சொல்லி சில மணி நேரம் ஆகியிருந்தது, வேறொருத்தியைக் காப்பாற்றச் சொன்ன பொய். இவளுடைய பொய் இன்னும் இந்த அறைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது, பழியை, எழுந்து நடக்க முடியாத மனுஷியின் தூக்கத்தின் மேல் போட்ட பொய்.

"நீயே உட்கொண்டுடு" என்றார் அக்கா மெதுவாக. "அதுக்கு அனுமதி இருக்கில்ல? ஃபாதர் கேட்டா நான் சொன்னதே இருக்கட்டும். உனக்கு ஒரு பிரச்சனையும் வராது. எனக்கு அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

அதற்கு அனுமதி உண்டுதான். நோயாளியால் முடியாமல் போனால் கொண்டுபோனவரே பயபக்தியோடு உட்கொள்ளலாம். ஒரு நிமிஷ வேலை. சிமிழைத் துடைத்து மூடி, ஒன்றும் நடக்காத மாதிரி நாளைக்குக் கோயிலில் ஒப்படைத்துவிடலாம். பங்கில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அடுத்த ஞாயிறு ஃபாதர் மறுபடியும் அவள் கழுத்தில் சிமிழை மாட்டுவார், அவளும் கண்ணைத் தாழ்த்தி நடந்து போகலாம்.

அவள் சிமிழின் மூடிமேல் கைவைத்தாள். வக்கீலம்மாவின் மகள் துண்டை வயிற்றில் சுற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. அதைச் சொன்ன நாக்குதான் இது. கை தானாகப் பின்வாங்கியது.

மேசைக்கு எதிர்ப்புறம் தவளை மண்டியிட்டிருந்தாள். அவள் சிமிழைப் பார்க்கவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், காலையில் குளத்தங்கரையில் பார்த்த அதே மாதிரி. ஆனால் காலையில் அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கை இப்போது இல்லை. சூப்பர்வைசர் இதைப் பார்த்தாள். இதுதான் அவளை எழுப்பியது என்று சொல்லலாம்.

அவள் போனை எடுத்து ஃபாதரைக் கூப்பிட்டாள். வெளியே போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றார் ஃபாதர்.

"ஃபாதர், நான் ஆபரேட்டர் அக்கா வீட்டிலிருந்து பேசுறேன். நான் காலையில இங்க வரல. இப்பதான் வந்தேன். பிள்ளையை நீச்சல் குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், அங்க சண்டை போட்டேன், சண்டை போடறதுக்காக சிமிழைக் கழற்றிப் பையில வெச்சேன், அப்புறம் மறந்துட்டேன். வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டுத் தூங்கினேன். ஆண்டவர் ஆணியில தொங்கிட்டிருந்தாரு ஃபாதர்."

ஃபாதர் மத்தியானத்துப் போனைத்தான் முதலில் கேட்டார்.

"அவங்க வந்துச்சுன்னு சொன்னாங்களே?"

"என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொன்னாங்க. அதனால நன்மை வாங்க மாட்டேங்கறாங்க. காலையிலேர்ந்து சாப்பிடல. நீங்க வந்து பாவசங்கீர்த்தனம் கேக்கணும் ஃபாதர்." அக்காவின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இன்னொண்ணு. நானும் இங்க வந்ததும் அவங்ககிட்ட ஒரு பொய் சொன்னேன். பெல் அடிச்சேன், அவங்கதான் திறக்கலன்னு சொன்னேன். அவங்க அதையும் ஏத்துக்கிட்டாங்க."

"வர்றேன்" என்றார் ஃபாதர். அவ்வளவுதான். நல்ல வார்த்தையும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை.

அவள் போனை வைத்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ வெட்கம், தான் கொடுத்த பொருளைத் தன் மூஞ்சிமேலேயே யாரோ திருப்பி எறிந்துவிட்ட மாதிரி. தவளை எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவர் உதட்டில் வைத்தாள். தண்ணீர் குடிக்கலாம், அதில் தடையில்லை என்று அவளுக்கு வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"ஏதாவது சாப்பிடுங்க அக்கா, கெஞ்சிக் கேக்குறேன்" என்றாள் சூப்பர்வைசர்.

"இவ்வளவு நேரம் இருந்தாச்சு. ஃபாதர்தான் வர்றாரே" என்றார் அக்கா. பிறகு, தன் கையை எட்டி அவள் கையைத் தொடப் போனார். சூப்பர்வைசர் கையை விலக்கிக்கொண்டாள். கோபத்தில் இல்லை. அந்தக் கை தன்மேல் படுவதை அவளால் தாங்க முடியவில்லை.

சாயங்காலப் பூசைக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. ஃபாதர் அதற்குள் வந்துவிட்டார். ஸ்கூட்டரில் வேகமாக வந்திருப்பார் போலும், முடி கலைந்திருந்தது. வயசில் சூப்பர்வைசரைவிடச் சின்னவர். வாசலில் செருப்பைக் கழற்றி, மேசைமேல் இருந்த சிமிழுக்கு முன் முழந்தாளிட்டு எழுந்தார். பிறகு தோல் பைக்காகக் கையை நீட்டினார்.

"அதைக் கொடுங்கம்மா."

அவள் கொடுத்தாள். அவர் அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அடுத்த வாரம் அது வேறு யாருடைய கழுத்துக்கோ போகும், அதை யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பை தன் நெஞ்சில் இல்லாதது எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள். இப்போது அதைப் பற்றி நினைக்கக்கூடத் தோன்றவில்லை.

"கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் ஃபாதர். "அவங்களுக்கு அப்புறம் உங்களைக் கூப்பிடுறேன்."

அவளுக்காகவே சாத்தாமல் விடப்பட்டிருந்த அந்தக் கதவை அவர் உள்ளேயிருந்து சாத்தினார். சூப்பர்வைசரும் தவளையும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். கீழே யாரோ சைக்கிளைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. கதவுக்குப் பின்னால் ஆபரேட்டர் அக்காவின் குரல் ஆரம்பித்தது. வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும் கேட்டது. அந்த அழகான குரல் இப்போது தழுதழுத்து, நின்று நின்று வந்தது. அழுகிறார்.

தவளை அம்மாவின் கையைச் சுரண்டினாள்.

"ஆன்ட்டி அழறாங்கம்மா. அவ்வளவு பெரிய பாவமா பண்ணாங்க?"

சூப்பர்வைசர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அவங்க ஒண்ணும் பண்ணலடி" என்றாள். "உள்ள உக்காந்து என்னோடதைச் சொல்லிட்டிருக்காங்க."